ஆறாண்டுக் காதல் என் தாமதத்தால் முறிந்தது: என் தவற்றின் அளவை நான் எப்படி அறிவது?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். திருச்சியில் முதுகலை படித்தபோது தொடங்கிய காதல், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, எட்டு மாதங்களுக்கு முன்பு முறிந்துவிட்டது. முறித்தவர் அவர்; ஆனால் முறியும்படி செய்தவள் நான் என்ற எண்ணம் ஒரு நாளும் என்னை விட்டு அகலவில்லை.

நாங்கள் வெவ்வேறு சாதியைச் சேர்ந்தவர்கள். 2021இலேயே அவர் தம் வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய தாயார் ஏறத்தாழ ஓராண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு இசைந்தார். மீதம் இருந்தது என் வீடுதான். 2022 பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சொல்வதாக வாக்களித்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அந்த ஆண்டு ஜூனில் அப்பாவுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் தேறட்டும் என்றேன். தேறினார். 2023இல் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நான் சொல்லவில்லை. மொத்தத்தில் அவர் மூன்று முறை நேராகவே கேட்டார், ஒவ்வொரு முறையும் "இன்னும் ஆறு மாதம்" என்றேன். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. "எல்லாம் உன்னால்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும் வந்தது. சென்ற மாதம் அவருக்கு வேறோர் இடத்தில் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டதாக அறிந்தேன்.

ஒவ்வோர் இரவும் பழைய செய்திகளை முதலிலிருந்து படிக்கிறேன். அந்தப் பொங்கலன்று சொல்லியிருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நாள்வாரியாக எண்ணிப் பார்க்கிறேன். நான் கோழை, எவருடைய அன்புக்கும் தகுதியற்றவள் என்ற முடிவுக்கே ஒவ்வொரு முறையும் வந்து சேருகிறேன். தோழியரிடம் சொன்னால் "உன் மேல் தப்பே இல்லை" என்கிறார்கள். அந்த ஆறுதல் என் மனத்தில் ஒட்டவில்லை. ஏனெனில் நான் தாமதித்தது உண்மை. அதை இல்லை என்று சொல்பவர்கள் என்னைத் தேற்றுகிறார்களே தவிர, நான் சொல்வதைக் கேட்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. என் தவறு எவ்வளவு என்பதை நேர்மையாக அளக்க வழி உண்டா? அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்கலாமா?

வெண்ணாறு எழுதியது:

தோழி, இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். கேளுங்கள், இன்றே கேளுங்கள். தவறு செய்தோம் என்று தெரிந்த பிறகு மன்னிப்புக் கேட்காமல் சுமந்துகொண்டிருப்பதுதான் உங்களை வாட்டுகிறது. நான்கு வரி போதும்.

குடந்தைத் தமிழாசிரியை எழுதியது:

மகளே, நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் நான். உன்னை ஒருமையில் அழைப்பதற்குப் பொறுத்துக்கொள்.

பள்ளியில் சங்க இலக்கியத்தின் காதல் பாடல்களான அகத்திணை நடத்தும்போது "அறத்தொடு நிற்றல்" என்ற துறையைப் பிள்ளைகளுக்கு விளக்குவேன். களவில், அதாவது மறைவாகக் காதலித்துக்கொண்டு, இருக்கும் தலைவியின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவதற்கு அந்தப் பெயர். அதை யார் செய்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பார். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்த்த தாயான செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள், நற்றாய்தான் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வாள். தலைவி நேராகத் தந்தையின் முன் போய் நின்று "இவரைத்தான் மணப்பேன்" என்று சொல்வதாக அந்த மரபு எதிர்பார்க்கவே இல்லை. அது எவ்வளவு கடினமான செய்தி என்பது தெரிந்ததால்தான் நான்கு பேரின் தோள்களில் அதை இறக்கி வைத்திருக்கிறார்கள். திருமணத்தை நீட்டித்துக்கொண்டே போவதும் அந்தப் பாடல்களில் உண்டு, மணந்துகொள்ளுமாறு தோழி தலைவனை நெருக்குவதும் உண்டு. ஆக, தாமதமும் அதனால் வரும் துயரமும் உன்னோடு தொடங்கியவை அல்ல.

நீ எழுதியதில் நான் தேடியது ஒன்று, அது கிடைக்கவில்லை. அந்த ஆறு ஆண்டுகளில் உன் வீட்டில் ஒருவருக்கேனும் இது தெரியுமா? அக்கா, அத்தை, சித்தி என்று யாரேனும்? எல்லாவற்றையும் நீ தனியாகவே சுமந்தாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல்லாமல் இருந்தது உன் குறை என்று நீ கணக்கு எழுதுகிறாய். சொல்லுவதற்கு உனக்கு ஒரு தோழியும் செவிலியும் வாய்க்கவில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

நொய்யல்கரை எழுதியது:

அம்மா, யாருக்கும் தெரியாது. அக்காவிடம் சொல்ல நினைத்தது உண்டு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணம் செய்த சங்கர் கொல்லப்பட்டபோது நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே, "பெண் வீட்டாரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும்" என்று அப்பா சொன்னார். அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இந்தப் பேச்சை வீட்டில் யாரிடமும் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மனநல ஆலோசகர், மதுரை எழுதியது:

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய அந்தச் சில வரிகள் உங்கள் முதல் பதிவில் இல்லை என்பதை முதலில் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முதல் பதிவில் "வாய் வரவில்லை" என்று மட்டுமே எழுதினீர்கள். ஏன் வரவில்லை என்பதை விட்டுவிட்டீர்கள். தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். தமக்கு எதிரான சாட்சியங்களை ஒன்றுவிடாமல் அடுக்குவார்கள், மற்றவை அவர்கள் நினைவுக்கே வராது. உங்கள் அச்சத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சாதி மாறி மணந்ததற்காக ஒருவர் கொல்லப்பட்ட செய்தியைப் பார்த்தபடியே கொன்றவர்களின் பக்கத்து நியாயத்தைத் தந்தை பேசக் கேட்ட இருபது வயதுப் பெண், அவரிடம் தன் காதலைச் சொல்ல அஞ்சினாள் என்பதைக் கோழைத்தனம் என்று என்னால் அழைக்க முடியாது.

அதே வேளையில், தோழியரின் ஆறுதலை நீங்கள் ஏற்காதது சரி என்றே நினைக்கிறேன். உங்கள் செயலில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் உங்கள் பதிவில் இரண்டு வகையான வாக்கியங்கள் கலந்துகிடக்கின்றன. "நான் சொல்லவில்லை" என்பது ஒரு செயலைப் பற்றியது. "நான் தகுதியற்றவள்" என்பது உங்கள் ஆளுமை முழுவதையும் பற்றியது. ரானி ஜானோஃப்-புல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். செயலைக் குறை சொல்பவருக்கு "அடுத்த முறை வேறுவிதமாகச் செய்யலாம்" என்ற வழி திறந்திருக்கிறது. இயல்பையே குறை சொல்பவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுவதால் மனச்சோர்வு அந்தப் பக்கமே சேருகிறது என்பது அவருடைய வாதம். செயலைக் குறை சொல்வது எப்போதும் நன்மை தரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் உறுதிப்படுத்திவிடவில்லை. ஆயினும், என் முன் அமர்பவர்களிடம் இந்தப் பிரிப்பு பயன்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். அளவைக் கெடுப்பது பின்னறிவு, அதாவது முடிவு தெரிந்த பிறகு வரும் அறிவு. 1975இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றிச் சொன்னார். ஒரு குழுவுக்கு ஆங்கிலேயர் வென்றதாகவும், இன்னொரு குழுவுக்குக் கூர்க்காக்கள் வென்றதாகவும், வேறு சிலருக்கு வெற்றி தோல்வியின்றி முடிந்ததாகவும். தமக்குச் சொல்லப்பட்ட முடிவுதான் நடக்கக்கூடியது என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிகிறது என்று ஒவ்வொரு குழுவும் கருதியது. நீங்கள் இரவில் பழைய செய்திகளைப் படிக்கும்போது செய்வதும் இதுவே. நிச்சயதார்த்தம் முடிந்த செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு 2022 பொங்கலைப் படிக்கிறீர்கள். அன்று உங்களுக்கு அது தெரியாது. அவர் இன்னும் இரண்டரை ஆண்டுகள் காத்திருப்பார் என்பதும் தெரியாது, அதற்குமேல் காத்திருக்க மாட்டார் என்பதும் தெரியாது.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். கணக்குப் பிரிவில் இருப்பதால் இது உங்களுக்குக் கைவந்த வேலையாகவே இருக்கும். ஒரு தாளில் அந்தந்தத் தேதியை எழுதி, அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன, நீங்கள் எதற்கு அஞ்சினீர்கள், அன்று உங்களால் இயன்றது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். பின்னால் தெரியவந்த ஒன்றையும் அதில் சேர்க்காதீர்கள். அப்படி எழுதிய பிறகும் "இங்கே நான் செய்திருக்கலாம்" என்று ஓரிடம் மிஞ்சினால், அது உங்களுடையது. அதை ஒப்புக்கொள்ளலாம்.

மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி வெண்ணாறு அவர்கள் சொன்னதில் இருந்து நான் மாறுபடுகிறேன். நீங்கள் இன்று இருக்கும் நிலையில் எழுதும் கடிதம், மன்னிப்பை மட்டும் கேட்காது. "நீ கெட்டவள் இல்லை" என்ற தீர்ப்பையும் அவரிடம் கேட்கும். நிச்சயதார்த்தம் முடிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பை வைப்பது அவருக்கும் அவரை மணக்கப்போகும் பெண்ணுக்கும் நியாயமாகாது. எழுதுங்கள், ஆனால் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. அரிசோனா பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அண்மையில் துணையைப் பிரிந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தம் முன்னாள் துணையைப் பற்றி நான்கு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அந்தப் பேச்சில் தம்மைப் பற்றிப் பரிவோடு பேசியவர்கள், அடுத்த ஒன்பது மாதங்களில், அந்த நினைவுகளால் குறைவாகவே அலைக்கழிக்கப்பட்டார்கள். பரிவு என்று அவர்கள் சொன்னது தம்மை நியாயப்படுத்துவதை அன்று. இப்படித் தவறுவது மனிதர்க்கு இயல்பு என்று தம்மையும் மனிதராக நடத்துவதை.

எட்டு மாதமாக இரவுதோறும் விழித்திருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: உறக்கமும் உணவும் எப்படி இருக்கின்றன? வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருவதுண்டா? வந்தால் ஒரு கணமும் தள்ளிப்போடாமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மலைக்கோட்டை எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன். நானும் ஒரு பெண்ணுக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன், அவரும் வீட்டில் சொல்லவில்லை. நானும் ஏறத்தாழ அதே சொற்களை அனுப்பினேன்.

அது உண்மை என்று அன்று நம்பினேன். இன்று நினைத்துப் பார்க்கும்போது, அதை அனுப்புவதற்குப் பல மாதங்கள் முன்பே நான் மனத்தளவில் விலகிவிட்டிருந்தேன் என்பதும், அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பதும் தெரிகிறது. அவர் தம் தந்தையிடம் பேச அஞ்சினார். நான் என் பொறுமை முடிந்துவிட்டது என்று அவரிடம் பேச அஞ்சினேன். "இந்தத் தேதிக்குப் பிறகு என்னால் முடியாது" என்று ஒரு முறையேனும் நான் சொல்லியிருந்தால், அவர் தெரிந்தே முடிவெடுத்திருப்பார். அதைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் அனுப்பினேன். விலகும் முடிவை என் கையால் எடுத்துவிட்டு, அதன் பழியை அவருடைய பெயரில் எழுதினேன்.

உங்களவர் இப்படித்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. காத்திருப்பது மிகவும் வலிக்கும், அவருடைய சினத்தில் நியாயம் உண்டு. ஆனால் "எல்லாம்" என்ற அந்தச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். நான் அதை எழுதிய இரவில் எதையும் எடைபோட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை.

வெண்ணாறு எழுதியது:

ஆலோசகர் சொன்னதை ஏற்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்ததை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், தோழி.

நொய்யல்கரை எழுதியது:

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உறக்கம் குறைவுதான்; ஆனால் ஆலோசகர் கேட்ட அந்த எண்ணம் எனக்கு இல்லை. எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தாளில் எழுதினேன். முதலில் மூன்று பக்கம் வந்தது. அன்று தெரியாதவற்றை அடித்த பிறகு ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. 2022 ஜூனில் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது நான் சொல்லியிருக்க முடியாது, சொல்லியிருக்கவும் கூடாது. அதற்காக இத்தனை நாள் என்னை நானே வைதுகொண்டிருந்தேன். ஆனால் 2023 அப்படியே நிற்கிறது. அப்பா நடைப்பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்டார், வீட்டில் வேறு கவலை இல்லை, அவர் இரண்டு முறை கேட்டார். அந்த ஓராண்டு என்னுடையது. அதை எழுதியபோது அழுதேன். ஆனால் கோழை என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் தேவைப்படவில்லை. மலைக்கோட்டை அவர்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். நான்காவது முறை கேட்கப்போவதில்லை என்று அவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதை அந்தத் தாளில் அவர் பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டேன். கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை உறங்கிய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அந்த 2016ஆம் ஆண்டுச் செய்தியின்போது ஏன் எழுந்து போனாள் என்று கேட்டேன். தன் மனத்திலும் அப்போது ஒருவர் இருந்தார் என்றாள். பிறகு, "அவர் பேர் என்ன, சொல்லு" என்று என்னிடம் கேட்டாள். இந்த ஏழு ஆண்டுகளில் எங்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவரிடம் அவர் பெயரை நான் சொன்னது அதுவே முதல் முறை.