புதுப்பிப்பு: படிக்க மறுக்கும் 3.5 அங்குல ஃபிளாப்பிகள்

பழைய ஃபிளாப்பிகளில் கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல், முழு வட்டையும் ஒரே கோப்பாக, அதாவது பிம்பமாக எடுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். பிம்பம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

முதலில் உலோக மூடியை நகர்த்தி உள்ளே பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே வேண்டாம். அது டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த வட்டுகளையும் கீறிவிடும். எழுதுதடை ஓட்டை திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் கணினி வட்டில் எழுதிவிடலாம்.

1.44 எம்பி வட்டின் பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்கும்: 512 பைட் கொண்ட 2,880 செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்). சில செக்டர்கள் மட்டும் படியவில்லை என்றால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் போதும். எவை விடுபட்டன என்பதை அது எழுதிவைக்கும் மேப் கோப்பையும் பிம்பத்தோடு சேமியுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேறொரு டிரைவிலும் முயலுங்கள்.

வட்டு முழுவதுமே படியவில்லையா? கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், தயவுசெய்து. பழைய மேக்கின் 800 கேபி வட்டாக இருக்கலாம். யுஎஸ்பி டிரைவுக்கு அந்த வடிவம் புரியாது. க்ரீஸ்வீசல் அல்லது கிரையோஃப்ளக்ஸ் என்ற மின்னணுப் பலகையோடு சாதாரண உள் டிரைவை இணைத்தால் வட்டில் உள்ள காந்த மாற்றங்களையே பதிவு செய்யலாம்.

பிம்பம் எடுத்தவுடன் ஷா-256 ஹாஷ் (கோப்பு பின்னால் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறி) கணக்கிடுங்கள். அழித்த கோப்புகளும் பிம்பத்தில் வரும் என்பதால், வட்டுகளைத் தந்த கொடையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் அவசியம்.

தமிழ்க் கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோட் தேடலில் சிக்காது. அந்த எழுத்துருக் கோப்பையும் தேடி எடுத்துச் சேர்த்து வையுங்கள்.