பிழைச் செய்தி காட்டாத பிழைகள்: ஆய்வுக் கணக்கில் நாங்கள் பார்த்தவை

மருத்துவப் புள்ளியியல் ஆலோசகர், கீழ்ப்பாக்கம்:

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்காகச் சேர்த்த தரவை அலசிக் கொடுப்பது என் வேலை. அவர்கள் கொண்டுவருவது மாஸ்டர் சார்ட். ஒரு வரிக்கு ஒரு நோயாளி. வயது, சர்க்கரை, கிரியாட்டினின், அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி எல்லாம் எக்செல்லில் இருக்கும். பெரும்பாலும் நைட் ட்யூட்டிக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் அடித்தது.

அப்படி வந்த ஒரு சார்ட்டில் ஒரு நோயாளி 123 நாள் வார்டில் இருந்ததாகக் கணக்கு வந்தது. சாதாரண டெங்கு கேஸ். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால், நவம்பர் 5-ம் தேதி சேர்ந்து 9-ம் தேதி வீட்டுக்குப் போயிருக்கிறார். லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்ததால், 5/11 என்று அடித்ததை எக்செல் மே 11 என்றும், 9/11-ஐ செப்டம்பர் 11 என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறது. நவம்பர் 10 சேர்ந்து டிசம்பர் 2 போனவருக்கு நாள் கணக்கு மைனஸில் இருந்தது. இவையாவது கண்ணில் படும். 13/11 என்று அடித்தால், 13-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். அலசும் மென்பொருள் அதை விடுபட்ட தகவலாக ஒதுக்கிவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாளில் வந்தவர்கள் தவறான மாதத்தோடும், அதற்குப் பிறகு வந்தவர்கள் கணக்கிலேயே இல்லாமலும் ஒரு சராசரி வரும். அதன் கீழே எந்த எச்சரிக்கையும் இருக்காது. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பும் மூன்று தசமத்தோடு ஒழுங்காக வந்து நிற்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள். யாரும் மையப்படுத்தாமல் விட்டிருந்தால், எண்ணும் தேதியும் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டும். எழுத்து இடது ஓரம் ஒட்டும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் அந்தக் கோப்பை அப்படியே அலசக் கூடாது. நான் இப்போதெல்லாம் மாணவர்களிடம் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் அடிக்கச் சொல்கிறேன். கூடுதல் வேலைதான். ஆனால் ஒரு நோயாளியின் நான்கு நாள் 123 நாளாக மாறி அச்சில் ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இது நம் ஊர் மாணவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. மரபணுப் பட்டியலில் செப்ட்2, மார்ச்1 என்ற பெயர்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும் என்பது 2004-லேயே ஆய்விதழில் எழுதப்பட்ட விஷயம். 2016-ல் ஆஸ்திரேலியாவில் மூன்று பேர், ஆய்வுக் கட்டுரைகளோடு இணைப்பாகக் கொடுத்திருந்த எக்செல் மரபணுப் பட்டியல்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-ல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் கொடுத்தது 2023-ல்தான்.

அதே 2020-ல் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவக் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. 15,841 பேருடைய விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டது; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது. உங்கள் துறையில் பார்த்ததையும் சொல்லுங்கள்.

வானிலைத் தரவு ஆய்வு மாணவி, கிண்டி:

சார் சொன்ன தேதிப் பிரச்சினை எங்களிடம் வேறு ரூபத்தில் இருக்கிறது. எங்கள் தரவில் தேதி சரியாகவே பதிவாகியிருக்கும். அந்தத் தேதிக்கு அர்த்தம் என்ன என்பதில்தான் சிக்கல்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையில் ஒரு நாள் மழை என்றால், காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்த மழை. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளப்பது இந்தக் கணக்கில்தான். 2015 டிசம்பர் 1 அன்று பகலும் இரவும் சென்னையைப் புரட்டிப்போட்ட மழை, 2-ம் தேதி காலை அளவீட்டில்தான் ஏறும். செயற்கைக்கோள் மழைத் தரவிலோ ஒரு நாள் என்பது உலகப் பொது நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நம் நேரத்தில் அது காலை 5.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.30-க்கு முடியும். இரண்டு கோப்பிலும் தேதி என்ற நெடுவரிசை இருக்கிறதே என்று அதை வைத்து இணைத்தால், பைதான் நிரல்மொழி எந்த மறுப்பும் சொல்லாமல் இணைத்துக் கொடுக்கும். நேற்றைய மழையை இன்றைய மழையோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எனக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் இருந்த அண்ணா ஒருவர் விட்டுச்சென்ற நிரலை வாங்கி ஓட்டியபோது, வடகிழக்குப் பருவமழைக்குச் செயற்கைக்கோள் தரவு கொஞ்சமும் பொருந்தாது என்று முடிவு வந்தது. தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழை நமக்குப் பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் வரும் இடிமழை. ஐப்பசி கார்த்திகையில் அப்படி இல்லை, காற்றழுத்தத் தாழ்வு வந்தால் விடிய விடியப் பெய்யும். அதனால்தான் பொருத்தம் குறைகிறது என்று ஒரு காரணமும் தயாராக இருந்தது. காரணம் கேட்க நன்றாக இருந்ததால் யாரும் நிரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது ஒப்பவில்லை. எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம் என்று 2015 டிசம்பர் முதல் வாரத்தை மட்டும் தனியே வரைந்தேன். இரண்டு கோடுகளும் ஒரே வடிவம். ஒன்று மட்டும் ஒரு நாள் தள்ளி நின்றது. இப்போது அரை மணிக்கு ஒன்றாக வரும் செயற்கைக்கோள் தரவை எடுத்து, பொது நேரம் 3 மணி முதல் மறுநாள் 3 மணி வரை நாங்களே கூட்டிக்கொள்கிறோம். நம் 8.30 அதுதான். பொருத்தம் நன்றாகவே உயர்ந்தது.

இன்னொன்று. அளவீடு இல்லாத நாளுக்குச் சில வெப்பநிலைக் கோப்புகளில் 99.9 என்று போட்டிருப்பார்கள். மழைக்கு மைனஸ் 999 போட்டால் மாதக் கூட்டுத்தொகை மைனஸில் போய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெப்பநிலையில் அப்படி இல்லை. மே மாதத்தில் ஒரே ஒரு நாள் 99.9 நுழைந்தாலும் மாத சராசரி 2 டிகிரிக்கு மேல் ஏறும். சென்னை மே மாதத்துக்கு அது நம்பக்கூடிய எண்ணாகவே தெரியும். அதுதான் பயம்.

வேதியியல் ஆய்வாளர், தாம்பரம்:

2014-ல் வெளியான ஒரு பைதான் நிரல் எங்கள் துறையில் பிரபலம். ஒரு மூலக்கூறின் அணுக்கள் காந்தப்புலத்தில் தரும் சமிக்ஞைகளை, அதாவது என்.எம்.ஆர். மதிப்புகளைக் கணித்து, நீங்கள் பிரித்தெடுத்த பொருள் எந்த அமைப்பு என்று முடிவுசெய்ய உதவும். 2019-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தினர் அதே கோப்புகளை வெவ்வேறு கணினிகளில் ஓட்டி, இயங்குதளத்துக்கு ஒரு விடை வருவதைக் கண்டார்கள். காரணம் வேதியியலே இல்லை. ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் பைதான் கட்டளை, அவற்றை எந்த வரிசையில் தரும் என்று உறுதி கொடுப்பதில்லை. விண்டோஸில் ஒரு வரிசை, லினக்ஸில் வேறு வரிசை. நிரலோ கோப்புகள் குறிப்பிட்ட வரிசையில் ஜோடியாக வரும் என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. வரிசைப்படுத்தும் கட்டளை ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

அதைப் படித்த பிறகு எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். முக்கியமான எந்தக் கணக்கும் ஆய்வகத்து விண்டோஸ் மெஷினில் ஒரு தடவை, யாராவது ஒருவருடைய லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு தடவை. தெருவில் இரண்டு கடையில் எடை போட்டுப் பார்ப்பது போலத்தான். ஒரு ஜூனியர் எழுதிய நிரல் இதில் சிக்கியது: ரன்1 என்ற கோப்புக்கு அடுத்து ரன்10-ஐ எடுத்துக்கொண்டு, ரன்2-ன் செறிவை அதற்கு ஒட்டிவிட்டது. அளவீட்டுக் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். கருவி பழசு என்று சொல்லிக் கடந்துபோயிருப்போம்.

புரத அமைப்பு ஆய்வில் 2006-ல் நடந்ததையும் எங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். அமெரிக்காவில் ஜெஃப்ரி சாங் குழு, தங்களிடமிருந்த ஒரு சிறு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டதால் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் மூன்று சயன்ஸ் இதழில் வந்தவை.

புள்ளியியல் பேராசிரியை, அண்ணா நகர்:

சுருக்கமாக ஒன்று. 2, 4, 6, 8, 10 என்ற ஐந்து எண்களுக்குத் திட்டவிலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, கண்டுபிடிக்கச் சொன்னால் பைதானில் நம்பை என்ற கணக்குத் தொகுப்பு 2.83 தரும், பாண்டாஸ் என்ற தொகுப்பு 3.16 தரும். முன்னது 5-ஆல் வகுக்கிறது, பின்னது 4-ஆல் வகுக்கிறது. இரண்டும் சரியான சூத்திரம்தான், கேள்வி வேறு: இந்த எண்கள்தான் முழுத் தொகுதியா, அதிலிருந்து எடுத்த மாதிரியா என்பது. வைவாவில் எந்தச் சூத்திரம் என்று கேட்டால், மென்பொருளின் பெயரைப் பதிலாகச் சொல்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வயது நெடுவரிசையில் ஒரே ஒரு இடத்தில் 'தெரியாது' என்று எழுத்து இருந்தாலும், பழைய பதிப்புகள் முழு நெடுவரிசையையும் வரிசை எண் கொடுத்த வகைகளாக மாற்றிவிடும். அதை மறுபடி எண்ணாக்கினால் 10, 25, 40 என்ற வயதுகள் 1, 2, 3 ஆகிவிடும். 2020-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இந்த இயல்பை மாற்றிவிட்டார்கள். பல கல்லூரிக் கணினிகளில் இன்னும் பழைய பதிப்புதான் ஓடுகிறது. ஆய்வேட்டில் பதிப்பு எண்ணை எழுதச் சொல்வதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள்.

மென்பொருள் சோதனைப் பணி, சோழிங்கநல்லூர்:

நான் விஞ்ஞானி இல்லை. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். தங்கை உயிரியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஒரு பில்லிங் திரையில் பட்டன் நகர்ந்தாலே எங்கள் வேலையில் பலர் சோதித்துத்தான் வெளியே விடுவோம். அவளுடைய நிரலை அவளைத் தவிர யாருமே பார்க்கவில்லை என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளிடம் ஒன்று சொன்னேன்: எந்த வித்தியாசமும் இருக்கவே முடியாத தரவை உன் நிரலுக்குக் கொடு, என்ன சொல்கிறது பார். மருந்து கொடுத்தது, கொடுக்காதது என்ற பெயர்ச் சீட்டுகளைச் சாம்பிள்களுக்குள் கண்டபடி கலைத்துவிட்டு ஓட்டினால், நூற்றுக்கு ஐந்து தடவை அளவுக்குத்தான் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வர வேண்டும். வந்தது அதைவிட மிக அதிகம். தோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு எலியின் சாம்பிளையும் கருவியில் மும்முறை அளந்திருக்கிறார்கள். நிரல் அந்த மூன்றையும் மூன்று தனி எலிகளாக எண்ணிவிட்டது. கையெழுத்துப் பிரதி அனுப்புவதற்கு முன்பே பிடிபட்டதில் அவளுக்கும் அவள் கைடுக்கும் பெரிய நிம்மதி.

இந்த யோசனை என் சொந்தம் இல்லை. 2016-ல் ஸ்வீடனின் எக்லுண்ட் குழு மூளை ஸ்கேன் மென்பொருள்களை இப்படித்தான் சோதித்தது. சும்மா படுத்திருந்த ஆரோக்கியமானவர்களின் ஸ்கேனை எடுத்து, அவர்களையே இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். தவறான கண்டுபிடிப்பு 5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில், சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. ஒரு மென்பொருளில் 15 ஆண்டுகளாக யாரும் காணாத பிழை ஒன்றும் அப்போது வெளியே வந்தது.

நிரல் எழுதத் தெரியாமல் எக்செல்லும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளும் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை எப்படிச் செய்வது? கீழ்ப்பாக்கம் சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

மருத்துவப் புள்ளியியல் ஆலோசகர், கீழ்ப்பாக்கம்:

செய்யலாம் தம்பி. மாஸ்டர் சார்ட்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அசலில் கை வைக்க வேண்டாம். குழு என்ற நெடுவரிசையை மட்டும் புதிய ஷீட்டில் ஒட்டி, பக்கத்தில் தற்செயல் எண் தரும் ரேண்ட் சூத்திரத்தைக் கடைசி வரி வரை இழுங்கள். அந்த எண்களை வைத்து இரண்டு நெடுவரிசைகளையும் வரிசைப்படுத்தினால் குழுப் பெயர்கள் கலைந்துவிடும். கலைந்ததை நகலில் பழைய குழுவின் இடத்தில் ஒட்டி, எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் அதே டெஸ்டை ஓட்டுங்கள். ஒரு தடவை போதாது, இருபது முப்பது தடவையாவது கலைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டில் 0.05-க்குக் கீழே வந்தால் இயல்பு. எட்டு பத்தில் வந்தால் சார்ட்டையும் டெஸ்டையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.