வெள்ளை கலந்த மணி பிளான்ட்: வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது, அவசரமாக உதவி தேவை

மூன்றாம்மாடி (செவ்வாய், காலை 7.40)

அனைவருக்கும் வணக்கம். வீட்டிற்குள் வைத்திருக்கும் மணி பிளான்ட்டில் இலைகளின் வெள்ளைப் பகுதி மட்டும் ஓரத்திலிருந்து பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. பச்சைப் பகுதிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறது; இதுவரை ஏழு இலைகளை வெட்டி எறிந்துவிட்டேன். தண்ணீர் ஒழுங்காகத்தான் ஊற்றுகிறேன், நேர் வெயில் படுவதில்லை, உரமும் போடவில்லை. வெள்ளிக்கிழமை பத்து நாள் பயணமாக ஊருக்குக் கிளம்புகிறேன். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

சன்னலோரம் (செவ்வாய், காலை 8.15)

சகோதரி, செடி சன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைச் சொன்னால்தான் எதையும் சொல்ல முடியும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை இது வெளிச்சக் குறைவாகத்தான் இருக்கும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை; அது தனக்கென்று உணவு தயாரிப்பதில்லை, பக்கத்திலிருக்கும் பச்சைப் பகுதி சமைத்துப் போடுவதை வாங்கித்தான் உயிர் வாழ்கிறது. வெளிச்சம் குறைந்து வரவு சுருங்கும்போது, சம்பாதிக்காத பிள்ளையைத்தான் குடும்பம் முதலில் கைவிடுகிறது.

கொடிக்கால் (செவ்வாய், காலை 9.02)

எதில் நட்டிருக்கிறீர்கள்? கோகோபீட் என்றால் காரணத்தைத் தேடவே வேண்டாம். தென்னை நார்க்கழிவைச் சரியாகக் கழுவாமல் கட்டியாக்கி விற்கிறார்கள். அதிலுள்ள உப்பு வேரை அரிக்கிறது. எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்த காலத்திலிருந்து சொல்கிறேன், கொடி எதுவானாலும் செம்மண், மணல், மக்கிய இலை ஆகிய மூன்றும் போதும். தொட்டியைக் கவிழ்த்து அத்தனையையும் உதறிவிட்டு மண்ணுக்கு மாற்றுங்கள்.

பால்கனி_விவசாயி (செவ்வாய், காலை 9.30)

இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? வெள்ளி பூசினாற்போல் கோடுகளும் கரும்புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளியுங்கள். பகலில் தெளித்தால் எண்ணெயே இலையைச் சுட்டுவிடும்.

இலைநரம்பு (செவ்வாய், முற்பகல் 11.10)

படம் இல்லை, வகை இல்லை, ஊர் இல்லை, தொட்டியின் அளவு இல்லை; ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் தீர்வு வேண்டுமாம். "தண்ணீர் ஒழுங்காக ஊற்றுகிறேன்" என்பது தகவல் அன்று, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். கேள்வி எப்படிக் கேட்பது என்று நான் எழுதிய பதிவு முகப்பிலேயே இருக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்மாடி (செவ்வாய், பிற்பகல் 2.25)

மன்னிக்கவும், அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். ஊர் சென்னை, மூன்றாம் மாடி. கிழக்குச் சன்னலிலிருந்து நான்கடி தள்ளி, வெண்திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றி அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டி. உள்ளே இருப்பது கோகோபீட் கலவைதான், வாங்கியபோது இருந்தது. இரண்டடி உயரத் தென்னைநார்க் கம்பத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர் தினமும் அரை டம்ளர். இலையின் அடியில் பூச்சி எதுவும் இல்லை. நர்சரியில் என்ஜாய் என்றார்கள், என் நாத்தனார் மார்பிள் குயீன் என்கிறார்.

இலைநரம்பு (செவ்வாய், மாலை 4.05)

ஆர்.ஓ. தண்ணீர் என்று சொல்லிவிட்டதால் தண்ணீரைப் பற்றிய கேள்வி முடிந்தது. இனி யாரும் அந்தப் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயருக்கு வருவோம். மார்பிள் குயீனில் வெள்ளை இலை முழுவதும் தெளித்தாற்போல் இருக்கும். என்ஜாயில் இலை சிறியது, வெள்ளையும் பச்சையும் வரப்பு போட்டாற்போல் தனித்தனிப் பாத்திகளாக நிற்கும். அது மார்பிள் குயீனிலிருந்து இந்தியாவிலேயே கிளைத்த திரிபு. மேலும் இவற்றை எல்லோரும் போத்தோஸ் என்று அழைப்பது தவறு. இது எபிப்ரெம்னம் ஆரியம்.

சன்னலோரம் (செவ்வாய், மாலை 4.40)

நான்கடி, அதற்கும் மேல் திரை. கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்கு அந்தி நேரம்தான். காலை ஒன்பது மணி வரையிலான கிழக்கு வெயில் இந்தச் செடியை ஒன்றும் செய்யாது; திரையை விலக்கிச் சன்னலை ஒட்டி வையுங்கள்.

கொடிக்கால் (செவ்வாய், மாலை 5.15)

கோகோபீட் என்று அவரே சொல்லிவிட்டார். நான் சொன்னது சரியாகப் போயிற்று.

தொட்டிச்சித்தர் (செவ்வாய், இரவு 8.20)

இலைநரம்பு ஐயா சொன்ன பெயர்த் திருத்தத்தில் ஒரு திருத்தம். இந்தச் செடிக்கு 1880இல் முதலில் வைத்த அறிவியல் பெயரே போத்தோஸ் ஆரியஸ்தான். பிறகு சிண்டாப்சஸ், ரஃபிடோஃபோரா என்று வீடு மாறி மாறி, 1964இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் ஆனது. ஆகவே போத்தோஸ் என்பவர்கள் பழைய முகவரியைச் சொல்கிறார்களே தவிரப் பொய் சொல்லவில்லை.

இலைநரம்பு (செவ்வாய், இரவு 8.55)

பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேராது. போத்தோஸ் என்று இன்றும் தனியாக ஒரு பேரினம் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வலிகாமம் (செவ்வாய், இரவு 10.30)

போத்தோஸ் என்ற சொல் எங்கள் தீவின் சொல் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்; சிங்களத்தில் இத்தகைய படர்கொடியைக் குறிக்கும் பெயரிலிருந்து தாவரவியலாளர் லின்னேயஸ் எடுத்துக்கொண்டது. செடி மட்டும் எங்களுடையதும் அன்று, உங்களுடையதும் அன்று. அதன் சொந்த ஊர் பசிபிக்கில் தஹிதிக்குப் பக்கத்திலிருக்கும் மூரேயா தீவு. வீட்டுத் தொட்டியில் உள்ளங்கை அளவு இலை விடும் இதே கொடி, எங்கள் வளவில் மாமரத்தில் ஏறிக் கிழிந்த முறம் அளவுக்கு இலை விட்டிருக்கிறது.

அது இருக்கட்டும். சகோதரி, மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? இருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்த்து, சுண்ணாம்புபோல் உதிர்கிறதா, பஞ்சுபோல் இழுபடுகிறதா என்று சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி (புதன், காலை 6.50)

ஆமாம், வெள்ளைப் படலம் இருந்தது. பூஞ்சை என்று நினைத்து மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டேன், திரும்பவும் வந்துவிட்டது. பொரபொரவென்று உதிர்கிறது. ஒரு துளி வினிகர் விட்டுப் பார் என்று என் கணவர் சொன்னார், விட்டால் நுரைக்கிறது.

பால்கனி_விவசாயி (புதன், காலை 7.30)

பூஞ்சைக்கும் வேப்பெண்ணெய் நல்லது.

வலிகாமம் (புதன், காலை 8.10)

நுரைத்தால் அது பூஞ்சை அன்று, சுண்ணாம்பு உப்பு. எங்கள் பகுதியில் நிலத்தடியில் முழுக்கச் சுண்ணக்கல். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் இதே படிவுதான் ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும், ஆகவே இதைப் பார்த்தவுடன் எனக்குத் தெரியும். ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் தொட்டியில் இது எப்படி வரும்? இயந்திரத்தில் நல்ல தண்ணீர் ஒரு குழாயிலும் கழிவு நீர் இன்னொரு குழாயிலும் வெளியேறும். நீங்கள் எந்தக் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறீர்கள்?

மூன்றாம்மாடி (புதன், காலை 8.25)

குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு யாராவது ஊற்றுவார்களா? வெளியே போகிற தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறோம். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஆண்டிலிருந்து வாளி அங்கேயேதான் இருக்கிறது.

தொட்டிச்சித்தர் (புதன், காலை 8.40)

கண்டுபிடித்தாயிற்று.

இலைநரம்பு (புதன், காலை 9.15)

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்: தகவலை முழுமையாகத் தராவிட்டால் விடையும் முழுமையாக வராது. ஆர்.ஓ. தண்ணீர் என்றால் உலகம் முழுவதும் வடிகட்டிய தண்ணீர் என்றுதான் பொருள்.

தொட்டிச்சித்தர் (புதன், காலை 9.50)

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம் என்று தீர்ப்பு எழுதியதும் தாங்கள்தான் ஐயா. அதை மீறி ஒருவர் கேட்டதால் செடி பிழைத்தது.

சன்னலோரம் (புதன், முற்பகல் 10.30)

கணக்கைப் பார்ப்போம். ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 850 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் நான்கு லிட்டர் வாங்கி ஒரு லிட்டர் கொடுத்து மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. நல்ல தண்ணீரில் 90 மட்டும் தங்கினால், மீதி உப்பு முழுவதும் அந்த மூன்று லிட்டருக்குள் அடைபடுகிறது. ஏறத்தாழ 1,100 வரும். தினமும் அரை டம்ளர் என்பதுதான் இதைவிட மோசம். அந்த அளவு அடித்துளை வழியாக வெளியே ஓடாது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே தங்கும். வேர் உறிஞ்சிய உப்பு, தண்ணீர் கடைசியாகச் சென்று வற்றும் இலை ஓரத்தில் சேர்கிறது. தாக்குப்பிடிக்கும் வலு குறைந்த வெள்ளைத் திசு முதலில் கருகுகிறது. வெயில் சுட்டிருந்தால் வெயில் பட்ட இடத்தில் திட்டாக இருந்திருக்கும், வேர் அழுகியிருந்தால் மொறுமொறுப்பாகக் காயாமல் கருமையாகக் குழைந்திருக்கும். இருந்தாலும் திரையை விலக்குங்கள்.

மாடித்தக்காளி (புதன், பகல் 12.20)

நான் ஐந்து ஆண்டுகளாக மாடித்தோட்டம் முழுவதற்கும் ஆர்.ஓ. கழிவு நீர்தான் ஊற்றுகிறேன். தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்குகின்றன. தண்ணீர் இல்லாத ஊரில் இதையும் சாக்கடையில் விடச் சொல்கிறீர்களா?

வலிகாமம் (புதன், பிற்பகல் 1.05)

விடச் சொல்லவில்லை. உங்கள் மாடியில் ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு மாதம் தொட்டிகளை அலசிவிட்டுப் போகிறது. காய்கறிப் பயிரும் பருவம் முடிந்தால் பிடுங்கிவிடுவீர்கள். வரவேற்பறையில் நிற்கும் செடிக்கு மழை என்பதே கிடையாது. ஆறு அங்குலத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக ஊற்றிய உப்புக்குப் போக்கிடம் எங்கே?

கொடிக்கால் (புதன், பிற்பகல் 2.30)

கோகோபீட்டிலும் உப்பு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வலிகாமம் (புதன், பிற்பகல் 3.10)

கொடிக்கால் ஐயா, அது உண்மைதான். ஆனால் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வேரைக் கிளறுவது வேண்டாம்.

சகோதரி, இன்று இரவு இதைச் செய்யுங்கள். பீங்கான் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுங்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். மேலிருக்கும் படலத்தை அரை அங்குலக் கலவையோடு வழித்து எடுத்துவிட்டு, குளியலறையில் வைத்து, உப்புக் குறைந்த தண்ணீரை மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அந்தத் தொட்டியில் இரண்டு லிட்டர் கலவை இருக்கும். எட்டு லிட்டர் தண்ணீர் அதன் வழியாக வடிந்து வெளியேற வேண்டும். முதலில் வடிவது தேநீர் நிறத்தில் இருக்கும், போகப் போகத் தெளியும். இரவு முழுவதும் வடியவிட்டு, காலையில் மீண்டும் உள்ளே வையுங்கள். ஊருக்குப் போகும் பத்து நாளும் யாரையும் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டாம். இந்தச் செடி தாகத்தைத் தாங்கும். திரும்பி வந்த பிறகு, மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் மட்டும், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்.

கருகிய இலைகளை முழுதாக வெட்டாதீர்கள். அதிலிருக்கும் பச்சைப் பகுதிதான் செடிக்குச் சோறு போடுகிறது. காய்ந்த ஓரத்தை மட்டும் கத்தரித்தால் போதும். வெட்டும்போது வடியும் சாறு அரிக்கும், வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்றாம்மாடி (புதன், மாலை 6.15)

எட்டு லிட்டர் குடிநீருக்கு மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் பரவாயில்லையா?

இலைநரம்பு (புதன், மாலை 6.40)

ஏ.சி. தண்ணீரில் செம்பும் அலுமினியமும் கரைந்திருக்கும். செடிக்கு நஞ்சு.

சன்னலோரம் (புதன், மாலை 7.05)

காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் அது. உப்பு இல்லாத தண்ணீர். சுருளிலிருந்து உலோகம் சிறிது கலக்கலாம் என்பதால் குடிக்கவும் கீரைக்கும் வேண்டாம், அலங்காரச் செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். அதில் சத்து எதுவும் இல்லை என்பதால், புதுத் தளிர் வரத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை நீர்த்த உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு கொடுங்கள்.

தொட்டிச்சித்தர் (வெள்ளி, காலை 9.00)

சகோதரி, அலசினீர்களா? என்ன ஆயிற்று?

தொட்டிச்சித்தர் (அடுத்த புதன், இரவு 9.10)

ஊருக்குப் போய்விட்டார் போலிருக்கிறது.

இலைநரம்பு (அடுத்த புதன், இரவு 9.45)

உதவி கேட்பார்கள், கிடைத்ததும் காணாமல் போவார்கள். இதற்கும் ஒரு பதிவு எழுத வேண்டும்.

மூன்றாம்மாடி (ஐந்து வாரங்களுக்குப் பின், ஞாயிறு, காலை 7.20)

தாமதத்திற்கு மன்னிக்கவும். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஏ.சி. தண்ணீரில்தான் அலசினேன். இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவரிடம் டி.டி.எஸ். பேனா இருந்ததால் அன்றே அளந்தும் பார்த்தோம்: வாளித் தண்ணீர் 1,120, தொட்டியிலிருந்து முதலில் வடிந்தது 2,900, எட்டு லிட்டர் முடிந்தபோது 260. பீங்கான் தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திரையையும் விலக்கிவிட்டேன்.

பழைய புண்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் புதிதாக எதுவும் கருகவில்லை. இரண்டு இலை வந்திருக்கிறது. ஒன்று பாதிக்கு மேல் வெள்ளை, ஓரம் சுத்தமாக இருக்கிறது. வாளியில் பிடிக்கும் தண்ணீரில் மாமியார் இப்போது தரை துடைக்கிறார். வலிகாமம் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.