மறு: பூனை அரணையா, பூனைக்கால் அரணையா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ரிஸ்டெல்லா என்ற அரணைப் பேரினத்துக்கு (genus) நம் பட்டியலில் வைக்கத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'பூனை அரணை' எனக்கு ஒட்டவில்லை. எங்கள் அம்பாசமுத்திரத்தில் இதைச் சொன்னால், "பூனை பிடிச்சுத் தின்கிற அரணையா?" என்றுதான் கேட்பார்கள். இதில் பூனைத்தனம் நகத்தில் மட்டும்தான். தட்டையான ஒரு செதில் உறைக்குள் நகத்தை முழுக்க இழுத்துக்கொள்ளும். மற்றபடி முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, சருகுக்கடியில் ஓடும் சாதாரணச் சின்ன அரணை.

மேலே பட்டால் அரிக்குமே, அந்தக் கொடிக்கு நம்மவர்கள் பூனைக்காலி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதே வழியில் 'பூனைக்கால் அரணை' என்போமே. இன்னொரு நண்பர் சொன்ன 'உறையுகிர் அரணை' துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உகிர் என்றால் நகம் என்று அறியப் பள்ளிப்பிள்ளை அகராதியைத் தேட வேண்டியிருக்கும்.

பேரினத்தில் இருப்பவை நான்கே சிற்றினங்கள், நான்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரியவை. 1839இல் ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே பேரினத்துக்குப் பெயரிட்டார். நம் திருநெல்வேலி மலைகளிலும் இருப்பது திருவிதாங்கூர் பெயர் தாங்கிய சிற்றினம். அதைத் 'திருவிதாங்கூர்ப் பூனைக்கால் அரணை' என்று எழுதினால் பெயர் அரணையைவிட நீளமாகிவிடும், சரி, பரவாயில்லை.

சிக்கல் குடும்பத்தில்தான். 2014இல் அமெரிக்க உயிரியலாளர் ஹெட்ஜஸ் அரணைகளைப் பல குடும்பங்களாகப் பிரித்தபோது ரிஸ்டெல்லாவையும் இலங்கையின் லங்காசிங்கஸ் என்ற அரணைப் பேரினத்தையும் சேர்த்து ரிஸ்டெல்லிடே என்றார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. அரணைகள் அனைத்தையும் ஒரே குடும்பமாக வைப்பவர்களும் உண்டு. ஏற்றாலும், லங்காசிங்கஸுக்கு இந்த உறைநகம் கிடையாது. அப்புறம் 'பூனைக்கால் அரணைக் குடும்பம்' என்றால் பாதிப்பேர் பொய்க்கால். அதனால் குடும்பத்துக்கு மட்டும் 'ரிஸ்டெல்லிடே' என்ற ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

—

தம்பி,

பூனைக்காலியை நினைக்காமல் போனேனே! ஒப்புக்கொள்கிறேன். 'அரணை' வேண்டாம், 'பல்லி' போடுவோம் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அரணை கடித்தால் மரணம் என்று கண்ட இடத்தில் அடிக்கிறார்களாம். அரணைக்கு விஷமே இல்லை. அதற்காகப் பேரை மாற்றினால் பல்லிக் குடும்பத்தோடு குழம்பும். அரணை இருக்கட்டும்.

ஒரே ஒரு திருத்தம். 'பூனைக்காலரணை' என்று புணர்த்தாமல் பிரித்தே எழுதுவோம், தேடினால் கிடைக்கும். குடும்பப் பெயருக்கு எதிரே 'சிலர் ஏற்பதில்லை' என்று குறிப்புப் போட்டு, இன்று இரவு பட்டியலில் ஏற்றிவிடட்டுமா?