வால்வ் சீட்டுக்கு ‘இருக்கை’ வேண்டாம், ‘படிவாய்’ என்போம்

வணக்கம்.

எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் துளையை மூடுவது வால்வ், அது வந்து படியும் விளிம்புதான் வால்வ் சீட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது இங்கே ‘வால்வு இருக்கை’ என்று ஒருவர் எழுதி, நாலைந்து பேர் சரி என்றும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் தலைப்பகுதி) கழற்றி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள், 348 சிசி, 1945இலிருந்து 1959 வரை வந்த வகை. தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டராக (வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்) இருந்த தாத்தா ஓட்டிய வண்டி.

இருக்கை என்றதும் மனதில் வருவது நாற்காலி, பஸ் சீட். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவையாக, வினாடிக்கு 25 தடவை வந்து மூடுகிறது. மூடும் ஒவ்வொரு தடவையும் சுற்றிவர ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லாமல் படிய வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஷன் (உள்ளே அமுக்கிய அழுத்தம்) போய்விடும். ‘இருக்கை’ என்ற சொல்லில் இந்தப் படிதல் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்து கராஜ்களில் ‘சீட்’ என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் வேலையைப் பற்றிப் பேசும்போது வாயில் வருவது ‘வால்வ் படியல’, ‘ஒரு பக்கம்தான் படியுது’ என்பதுதான். வினைச்சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, பெயர்ச்சொல்லை அதிலிருந்தே எடுத்தால் போதும்.

அதனால் என் முன்மொழிவு: படிவாய்.

புட்டு அவிப்பதை நினைத்துப் பாருங்கள். குழல் பானையின் வாயில் சரியாகப் படியாவிட்டால் ஆவி பக்கத்தால் போகும், அம்மா ஈரத்துணியைச் சுற்றி அடைப்பார். ஹெட்டுக்குள் துணி சுற்ற வழியில்லை, உலோகமே உலோகத்தோடு படிந்தாக வேண்டும். அப்புறம், ‘கத்தியின் வாய்’ என்று வெட்டும் விளிம்பையும் சொல்கிறோம். திறப்பு, விளிம்பு இரண்டுக்கும் வாய் என்ற ஒரே சொல் பொருந்துகிறது, வால்வ் சீட்டும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

‘படிவளையம்’ என்ற சொல்லும் வந்திருந்தது. நல்ல சொல், ஆனால் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. என் பி31இன் ஹெட் வார்ப்பிரும்பு. அதில் தனி வளையமே கிடையாது, ஹெட்டின் இரும்பிலேயே வாய் வெட்டியிருக்கிறார்கள். ஹோண்டா எம்டி90 போன்ற அலுமினிய ஹெட்டில்தான் கடின உலோக வளையத்தைத் தனியாக இறுக்கிப் பொருத்தியிருப்பார்கள். ஆகவே சீட் எங்கிருந்தாலும் படிவாய், தனியாகப் பொருத்தியதைச் சொல்லும்போது மட்டும் படிவாய் வளையம். வால்வ் உண்மையில் தொடுகிற அந்தச் சின்னப் பட்டைக்கு ‘படிதடம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் விட்டால் வேலையே கெட்டுவிடும் என்பதை அனுபவத்தில் கண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் இதே ஹெட்டைக் கொடுத்து ‘சீட் சரிபண்ணித் தாங்க’ என்றேன். வாயை வெட்டாமல், வால்வ் அரைக்கும் கரடு பேஸ்டைப் போட்டு அரை அரையென்று அரைத்தே கொடுத்துவிட்டார்கள். படிதடம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றருக்கு அகன்றுவிட்டது, 1 முதல் 1.5 வரை இருக்க வேண்டியது. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. தடம் அகன்றால் அழுத்தம் பரவிப்போகும், கரி ஒட்டும், அந்தக் கரியின் மேல் வால்வ் எப்படிப் படியும்? அதற்காக ஒரேயடியாக ஒடுக்கவும் கூடாது. புகையை வெளியே விடும் வால்வின் சூட்டில் பெரும்பகுதி இந்தத் தடத்தின் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது, அதனால் அதற்குக் கொஞ்சம் அகலமாகவே விட வேண்டும்.

இந்தத் தடவை முதலில் கைடை, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயை, பார்த்தேன். வாய் வெட்டும் கட்டரின் தண்டு கைடுக்குள்தான் நிற்கும், கைட் தேய்ந்திருந்தால் வாயும் கோணலாகத்தான் வெட்டுப்படும். (நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் திராட்டிலை மூடியே இறங்கிவிட்டு, கீழே வந்து திறந்ததும் நீலப் புகை வந்தால் கைடைச் சந்தேகப்படுங்கள்.) புது கைட் போட்டு, 45 பாகையில் வாயை வெட்டி, மேலே 30, கீழே 60 பாகையில் கொஞ்சம் எடுத்துத் தடத்தை ஒடுக்கினேன். பிறகு நீல மை. வால்வ் முகத்தில் மெல்லிசாகப் பூசி, வைத்து அழுத்தி எடுத்தால் படிவாயில் நீலக் கோடு விழும். முதல் தடவை பிறை மாதிரிதான் விழுந்தது, அறுந்து அறுந்து. இன்னும் சிறிது வெட்டியதும் முழு வட்டம் வந்தது. கடைசியாக மெல்லிய பேஸ்ட். வால்வைப் பிடித்துச் சுழற்றும் கம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவது போல் முன்னும் பின்னுமாக, நடுநடுவே தூக்கித் திருப்பி வைத்து. ஆரம்பத்தில் மணல் அரைபடுவது போல் கரகரவென்று கேட்கும் சத்தம் போகப் போக அடங்கிவிடும். சத்தம் அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக ஒரு வளையம் தெரியும், அதுதான் படிதடம்.

பேஸ்ட் போட்டு அரைக்கும் இந்த வேலைக்குப் ‘படிய அரைத்தல்’ என்று சொல்லலாம், அதற்கு முன் கட்டரால் வெட்டியதற்கு ‘வாய் வெட்டுதல்’.

இன்னொன்று, சீட் தேய்ந்து ஹெட்டுக்குள்ளே போவது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. ஈயத்தின் படலம்தான் பழைய இரும்பு வாய்களைக் காத்துவந்தது. அது இல்லாமல் பாரத்தோடு நெடுக ஓடினால் வாய் மெல்ல உள்ளே போகும், டெப்பட் இடைவெளி (வால்வ் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி) தானாகக் குறைந்துகொண்டே வரும். இதற்கு ‘இறக்கம்’ என்று எழுதியிருந்தார்கள். மலையில் இருப்பவனுக்கு இறக்கம் என்றால் பாதை. ‘உள்வாங்கல்’ நன்றாக இருக்கும், மண் தாழ்ந்தால் ‘நிலம் உள்வாங்கிருச்சு’ என்கிறோமே, அதே மாதிரி.

‘படிவாய்’ என்றால் ‘நீ படிவாய்’ என்று வினையாகப் படித்துவிட மாட்டார்களா என்று ஒருவர் கேட்கலாம். ‘படிவாயை வெட்டினேன்’, ‘புகைப் படிவாய்’ என்று வாக்கியத்தில் வரும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

கைடுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘வழிகாட்டி’ பிடிக்கவில்லை, ‘தண்டுக்குழல்’ என்று ஒன்று தோன்றுகிறது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் லேத் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், அங்கே வாயில் புழங்கும் சொல்லை எழுதுங்கள்.