உதவி தேவை: அலுவலகக் கணினியில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு பொருந்துமா?

தேனிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஐ5 செயலி கொண்ட டெல் கணினி இருக்கிறது. கல்யாண வீடியோக்களை டாவின்சி ரிசால்வில் எடிட் செய்கிறேன். நிறம் திருத்தத் தொடங்கியதும் படம் விட்டுவிட்டு நகர்கிறது. தெரிந்தவர் ஒருவர் தாம் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை 16,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நாளை மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார். மதர்போர்டில் நீளமான ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று உடனே சொல்லுங்கள்.

வைகைக்கரை
வணக்கம் தம்பி. ஐ5 என்ற பெயரில் 2009 முதல் செயலிகள் வந்துகொண்டிருக்கின்றன, உங்களுடையது எது? கணினியின் மாடல் எண் என்ன? எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வாட், அதிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் ஏதாவது வருகிறதா? ஸ்லாட் காலியாக இருப்பது நல்லதுதான். ஆனால் கார்டு அந்த ஸ்லாட்டில் உட்காரும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கேபினட்டுக்குள் இடம் போதுமா, மின்சாரம் போதுமா என்பதை அது சொல்லாது.

நிலாமுற்றம்
ரேம் எவ்வளவு, எந்தக் கேமராவின் வீடியோ, மானிட்டருக்கு எந்தக் கேபிள் போகிறது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானும் கல்யாண வீடியோ எடிட் செய்பவள்தான். எல்லாத் தடுமாற்றத்துக்கும் கிராபிக்ஸ் கார்டு காரணமாக இருப்பதில்லை.

செம்புக்கம்பி
முதலில் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலானவை 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரும் அதிலேயே இருந்தால், புதிய கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால் கணினி அந்தக் கணமே அணைந்துவிடும். பல இடங்களில் கார்டு கெட்டுவிட்டதென்று என்னை அழைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் யூபிஎஸ்தான் தாங்காமல் இருக்கும்.

கணிச்சோலை
இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை விடை எழுதிவிட்டேன். கேட்பவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. டெல், ஐ5 என்று மட்டும் எழுதினால் யார் என்ன சொல்ல முடியும்? அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியை வாங்கி, அதன் விலையைவிட அதிக விலைக்கு கார்டு போடுவது அடிப்படை தெரியாதவர்கள் செய்கிற வேலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகள், மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. கணினியையே மாற்றுங்கள்.

தேனிக்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கேபினட்டின் முன்பக்கத்தில் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்று இருக்கிறது. செயலி ஐ5-4570, ரேம் 8 ஜிபி. எஸ்எம்பிஎஸ் பற்றித் தெரியவில்லை. டவர் மாடல் என்று கடைக்காரர் சொன்னார். கணினியை மாற்ற இப்போது வசதியில்லை ஐயா, 18,000 ரூபாய்தான் என் எல்லை.

வைகைக்கரை
இது போதும், இனி வேலை எளிது. 9020 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அளவுக் கேபினட்டுகள் வந்தன. மினி டவரின் அகலம் 17.5 செ.மீ., உள்ளே 290 வாட் எஸ்எம்பிஎஸ். சிறிய வடிவத்தின் அகலம் 9.3 செ.மீ.தான், எஸ்எம்பிஎஸ் 255 வாட். அதில் பாதி உயரக் கார்டு தவிர வேறெதுவும் நிற்காது. அந்தச் சின்னப் பெட்டியையும் நிமிர்த்தி வைத்தால் டவர் என்றுதான் சொல்வார்கள். ஆகையால் கடைக்காரர் சொன்னதை விட்டுவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

பிறகு கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அடுத்தது நீளம். அட்டைப்பெட்டி ஒன்றை 11 செ.மீ. உயரம், 24 செ.மீ. நீளத்தில் வெட்டி, பின்பக்கத் தகட்டை ஒட்டினாற்போல் ஸ்லாட்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். இரண்டு விசிறி கொண்ட 3060 கார்டுகள் ஏறக்குறைய அந்த நீளம் வரும். எங்கே இடிக்கிறது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும்; கையிலில்லாத கார்டை மனத்தில் வைத்து அளப்பதைவிட இது மிகவும் நம்பகமானது.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 பின் வயர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் வயர் 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட் வேண்டும். கணினி முழுமைக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கட்டும் என்று அதை உருவாக்கிய என்விடியாவே சொல்கிறது. உங்களுடையது மினி டவராகவே இருந்தாலும் 290 வாட்டில் அதை ஓட்ட நினைக்காதீர்கள்.

பழைய இரும்பு
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நானே இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஒரு கார்டை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

செம்புக்கம்பி
இதை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான் உண்டு, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதன் முனையில் 8 பின்னை மாட்டினால் கார்டு 150 வாட் கிடைக்குமென்று நம்பி இழுக்கும். கம்பி தாங்கினாலும் அந்த மெல்லிய பின்கள் தாங்காது, பிளாஸ்டிக் உருகும். அப்படி உருகிப் பழுப்பேறி, ஹார்டு டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்ட கன்வெர்ட்டர் ஒன்றை நான் கத்தியால் நெம்பித்தான் எடுத்தேன். அந்த வீட்டில் பிள்ளைகள் தூங்கும் அறையில்தான் கணினி இருந்தது.

பழைய இரும்பு
என்னுடையது சாட்டாவிலிருந்து 6 பின், அதுவும் இரண்டு வயர்களைச் சேர்த்தது. கார்டும் 120 வாட்தான்.

செம்புக்கம்பி
அப்படியென்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வயர்களுக்கும் தனித்தனி சாட்டா முனை இருந்தால் 108 வாட் வரை கணக்கு வருகிறது; கார்டில் ஒரு பகுதி ஸ்லாட்டிலிருந்து போகிறது என்பதால் உங்களுக்கு ஓடுகிறது. 170 வாட் கார்டுக்கு ஒற்றை முனையை மாட்டுபவருக்கு உங்கள் அனுபவம் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் விபத்து நடக்கிறது.

கணிச்சோலை
கன்வெர்ட்டர் பேச்சே வேண்டாம். கடையில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது. இது தெரியாமல் இத்தனை பதிவுகளா? அதற்கும் பணமில்லை என்றால் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 கார்டு வாங்கட்டும், 53 வாட்தான்.

வைகைக்கரை
9020இல் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது ஐயா. மற்றக் கணினிகளின் மதர்போர்டில் 24 பின் இணைப்பு இருக்கும். இந்தப் போர்டில் அதற்குப் பதிலாக 8 பின் இணைப்பு. பார்வைக்குக் கார்டின் 8 பின்னைப் போலத் தோன்றும், ஆனால் உள்ளே மின்னோட்டம் வேறு வரிசையில் போகிறது. 24 பின்னை இந்த 8 பின்னாக மாற்றும் தனிக் கேபிள் இருந்தால் செய்யலாம். ஆனால் பழைய கார்டுக்கு 16,000, எஸ்எம்பிஎஸ், கேபிள் என்று சேர்த்தால் தம்பியின் எல்லையைத் தாண்டிவிடும்.

நிலாமுற்றம்
ஆர்எக்ஸ் 6400ஐ வீடியோ வேலைக்குச் சொல்ல வேண்டாம். அதில் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் என்கோடர் வன்பொருளே கிடையாது. தவிர, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் ஸ்லாட்டின் தரம்; அது நான்கு பாதைகளில் மட்டும் பேசுகிற 4.0 கார்டு, 9020இன் ஸ்லாட்டோ 3.0. அதில் போட்டால் கிடைக்கும் வேகமும் பாதியாகிவிடும்.

தேனிக்காரன்
இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அகலம் 17.5 செ.மீ. சரியாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 290 வாட் என்றுதான் இருக்கிறது. 6 பின், 8 பின் வயர் எதுவும் தொங்கவில்லை. 24 செ.மீ. அட்டையை வைத்தால் அதன் முனை ஹார்டு டிஸ்க்கின் கேபிள்களில் முட்டுகிறது, 20 செ.மீ. ஆக நறுக்கியபின் தாராளமாக நிற்கிறது. அந்த 3060ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி இருக்கிறதா?

வைகைக்கரை
இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட், தனி வயர் தேவையில்லை, எல்லாமே ஸ்லாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒற்றை விசிறி மாடல்கள் ஏறக்குறைய 17 செ.மீ.தான். கடையில் கேட்கும்போது ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: 3050 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அது 130 வாட், அதற்கு வயர் வேண்டும். பெட்டியில் 6 ஜிபி என்று இருப்பதைப் பார்த்து, கார்டின் விளிம்பில் மின் இணைப்புத் துளை இல்லை என்பதையும் கண்ணால் உறுதிசெய்த பிறகு பணம் கொடுங்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைத்தால் மயங்க வேண்டாம். அது 2016இல் வந்த தலைமுறை, அதற்கான வழக்கமான டிரைவர் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன.

கணிச்சோலை
3050, 6 ஜிபி கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 300 வாட். 290 என்பது 300ஐவிடக் குறைவு. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

செம்புக்கம்பி
பேச இருக்கிறது. அந்த 300 வாட் என்பது, எந்தச் செயலி, எந்தத் தரத்து எஸ்எம்பிஎஸ் என்று தெரியாமல் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் எண். இங்கே செயலி நமக்குத் தெரியும். ஐ5-4570க்கு 84 வாட், கார்டுக்கு 70, போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 50 என்று தாராளமாகவே வைத்தாலும் 204 வாட்தான் வருகிறது. 290இல் எண்பதுக்கு மேல் மிச்சம். யூபிஎஸ் விஷயத்தில் அத்தனை கண்டிப்பாக இருந்த நானே இதைத் தயங்காமல் போடச் சொல்கிறேன்.

கணிச்சோலை
உற்பத்தியாளர் தரும் எண்ணைக் கூட்டல் கணக்கால் மாற்ற முடியாது. பழைய எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் உள்ளபடியே தரும் என்பதற்கு யார் பொறுப்பு?

செம்புக்கம்பி
பழமை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குச் சோதனை இருக்கிறது: கார்டைப் போட்ட முதல் நாள் அரை மணி நேரம் ரிசால்வில் பெரிய எக்ஸ்போர்ட் ஒன்றை ஓட விட்டுப் பக்கத்திலேயே இருங்கள். கணினி தானாக அணைந்தாலோ மறுபடி தொடங்கினாலோ எஸ்எம்பிஎஸ் களைத்துவிட்டது என்று பொருள்.

நிலாமுற்றம்
தம்பி, செலவு செய்யும் முன் இன்னும் இரண்டு விஷயங்கள். டாவின்சி ரிசால்வுக்கு 16 ஜிபி ரேமாவது வேண்டும்; 8 ஜிபியோடு எந்தக் கார்டைப் போட்டாலும் திணறும். உங்கள் மினி டவரில் நான்கு ரேம் ஸ்லாட்டுகள் உண்டு, டிடிஆர்3 வகை, 32 ஜிபி வரை ஏற்கும். பழைய ரேம் மலிவாகவே கிடைக்கும். அடுத்தது, கேமராவில் 10 பிட் 4:2:2 முறையில் (நிறத் தகவலை அதிகமாகச் சேமிக்கும் முறை) எச்.265 என்ற சுருக்க வடிவில் பதிவு செய்தால், அதைப் பிரித்துக்காட்டும் வேலையில் இந்தக் கார்டு உதவாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எதுவுமே உதவாது. நிறத்திருத்தம் வேகமாகும், ஆனால் வெறும் வீடியோவை ஓட்டும்போதே திக்கினால் அது அப்படியேதான் இருக்கும். அதற்கு எடிட் செய்யும் முன்பே பிராக்சி கோப்புகளை (எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல்களை) உருவாக்கிக்கொள்ள வேண்டும். மானிட்டர் கேபிளைப் பற்றி முதலிலேயே கேட்டேன், இன்னும் பதில் இல்லை. 9020இன் பின்னால் ஒரு விஜிஏ, இரண்டு டிஸ்ப்ளே போர்ட் இருக்கும், எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

தேனிக்காரன் (ஒன்பது நாட்கள் கழித்து)
வெளியூர்க் கல்யாணங்களில் இருந்ததால் வர முடியவில்லை. 3050, 6 ஜிபி வாங்கி மாட்டிவிட்டேன், ரேமும் 16 ஆக்கிவிட்டேன். விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டைக் கழற்றினால் பழையபடி படம் வருகிறது. கார்டு கெட்டதாக இருக்குமோ? மானிட்டரில் நீல நிற விஜிஏ இணைப்பு மட்டும்தான் இருக்கிறது, அதைப் பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன்.

நிலாமுற்றம்
கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். புதிய கார்டு உட்கார்ந்ததும் இத்தகைய அலுவலகக் கணினிகள் போர்டிலுள்ள வீடியோ வெளியீட்டை நிறுத்திவிடும். மானிட்டர் கேபிள் கார்டில்தான் மாட்டப்பட வேண்டும், ஆனால் இந்தக் கார்டில் விஜிஏ வெளியீடு கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள சிறு கன்வெர்ட்டர் வாங்குங்கள். விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. கணினிப் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் விஜிஏ என்று கடையில் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். நிறம் திருத்துகிற வேலைக்கு இது தற்காலிகம்தான். அடுத்து காசு சேர்ந்தால் மானிட்டரை மாற்றுங்கள்.

தேனிக்காரன்
படம் வந்துவிட்டது அக்கா. முக்கால் மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடியது, கணினி அணையவில்லை. கேமரா 8 பிட்தான். அனைவருக்கும் நன்றி.