மலப் பரிசோதனையில் அகப்படாத கீரிப்பூச்சி

அண்ணி: சித்தி, சின்னவள் சில நாள்களாக இரவில் தூங்காமல் புரண்டு புரண்டு ஆசனவாயைச் சொறிகிறாள். கீரிப்பூச்சியாக இருக்குமோ என்று மலப் பரிசோதனை செய்தோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் அரிப்பு நிற்கவில்லை. நீங்கள் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

சித்தி: அந்த முடிவை நம்பிப் பூச்சி இல்லையென்று விட்டுவிடாதே, அம்மா. பெண்புழு, குழந்தை தூங்கிய பிறகு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில்தான் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகிறது. ஆகையால் மலத்தில் அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. அவள் தூங்கி 2 அல்லது 3 மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து அந்த இடத்தைப் பார். வெள்ளை நூல் துண்டு போல, 1 செ.மீ. அளவில் ஏதாவது நெளிந்தால் அதுதான்.

பெரியம்மா: பல்லை நறநறவென்று கடிக்கிறாளா என்றும் பார். பூச்சி இருந்தால் கடிப்பார்கள் என்றுதான் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

சித்தி: பல் கடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, அக்கா, அதை வைத்து முடிவு செய்ய இயலாது. பெண் குழந்தை என்பதால், முன்பக்கம் அரிப்போ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருக்கிறதா என்று கேட்பதுதான் முக்கியம், ஏனெனில் புழு அங்கேயும் ஊர்ந்து போகக்கூடும்.

அண்ணி: இரவில் பார்த்தும் கண்ணில் படாவிட்டால்?

சித்தி: காலையில் அவள் எழுந்ததும், கழிப்பறைக்குப் போவதற்கும் கழுவுவதற்கும் முன்பே, கண்ணாடி போன்ற செல்லோடேப்பின் பசைப்பக்கத்தை அந்தத் தோலில் இரண்டு மூன்று இடங்களில் மெல்ல அழுத்தி எடு. மங்கலான டேப் வேண்டாம், மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அதை ஆய்வகத்தில் தரும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு. ஒரு நாள் எடுத்தால் தவறிப்போக வாய்ப்புண்டு; தொடர்ந்து 3 காலை எடுத்தால்தான் நம்பலாம்.

தம்பி: பூச்சி இருப்பது உறுதியானால் எங்களுக்கும் மருந்து வேண்டுமா, சித்தி? எங்களுக்கு அரிப்பே இல்லையே.

சித்தி: அரிப்பில்லாமலும் பூச்சி இருக்கும், தம்பி. அதனால்தான் வீட்டார் அனைவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுப்பது வழக்கம். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையை அழிக்காது என்பதால், 2 வாரம் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள். வயதுக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பிணிகள் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணி: சரி சித்தி, நாளைக் காலையே எடுத்துவிடுகிறேன்.

சித்தி: இன்றே அவள் நகத்தை ஒட்ட வெட்டிவிடு. சொறியும் விரலில் முட்டை ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போய்விடும். படுக்கை விரிப்பை உதறாமல் அப்படியே சுருட்டித் துவைக்கப் போடு. உதறினால் முட்டைகள் அறை முழுவதும் பரவும்.